அம்மிச்சியின் டேப்லெட்: மூன்று வாரத்தில் வந்து நிற்கும் இடம்

காங்கேயம் பக்கம் மாமா வீட்டில் இருக்கும் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, ஆனாலும் போனில் வரும் எழுத்து தெரிவதில்லை. சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் புதிதாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் போட்டால் அதை யாரிடமும் கேட்காமல் தானே படிக்க வேண்டும், என் மகளிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. திருப்பூரில் எங்கள் வீட்டு அலமாரியில் தங்கை ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய பத்து இஞ்ச் டேப்லெட் சும்மா கிடந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலே நாளில் போன் வந்தது: "ஒன்னுமே தெரிய மாட்டீங்குது கண்ணு, எதைத் தொட்டாலும் எங்கியோ போயிருது."

சரி, திரையையே அவருக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடலாம் என்று திரும்ப வாங்கி வந்தேன். அதில் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் 2014-இல் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த முறை நான் இத்தனை நிதானமாக இருந்ததற்கு அதுதான் காரணம். சிம் போட்டுப் பேசும் ஏழு இஞ்ச் டேப்லெட்டுகள் நிறைய விற்ற காலம் அது. எழுத்தைப் பெரிதாக்க ரூட் செய்து, அதாவது சிஸ்டத்தையே மாற்றும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் பில்டு.பிராப் என்ற கோப்பில் எல்சிடி டென்சிட்டி எண்ணை மாற்றிச் சேமித்தேன். திரையில் எல்லாம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. அந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண் 644 என்று இருக்க வேண்டும், அதைத் திரும்ப வைக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டேன். லோகோவிலேயே சுற்றிச் சுற்றி நின்றது. அதைச் சரிசெய்ய மீடியாடெக் சிப் உள்ள கருவிகளில் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றும் ஃபிளாஷ் டூலை எடுத்து, 'ஃபார்மட் ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். டேப்லெட் உயிர்பெற்றது. ஆனால் சிம் நெட்வொர்க்குக்குக் கருவியை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண் இருக்கும் என்விராம் பகுதியும் சேர்ந்து அழிந்துவிட்டது, அதன் நகலை முன்பே எடுத்து வைத்திருக்கவில்லை. அதற்கப்புறம் அதில் சிம் சிக்னல் எடுக்கவே இல்லை. அப்பா ஆசையாக வாங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் வெசனமாகத்தான் இருக்கிறது.

அதனால் இந்த முறை ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: எதை மாற்றினாலும், மாற்றுவதற்கு முன்பே, அதைத் திருப்பும் வழியைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்க ஆயத்தம்தான், திரையில் எதையும் தொடவில்லை. படங்களையும் வாட்ஸ்அப்பையும் லேப்டாப்பில் நகலெடுத்தேன். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு உண்மையில் நினைவிருக்கிறதா என்று வேறொரு கருவியில் உள்ளே போய்ப் பார்த்தேன். இதைப் பலர் செய்வதில்லை. ஆண்ட்ராய்டு 5.1-இல் இருந்து, கட்டாயமாக ரீசெட் செய்த கருவி பழைய கணக்கைக் கேட்டு நிற்கும், பாஸ்வேர்டு தெரியாவிட்டால் நம் டேப்லெட்டே நம்மை உள்ளே விடாது.

அப்புறம் கேபிள். வீட்டில் இருந்த மூன்றில் இரண்டு சார்ஜ் மட்டும் ஏற்றுபவை, டேட்டா போகும் கம்பியே அவற்றில் கிடையாது. செட்டிங்கில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப்பிலிருந்து டேப்லெட்டுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், இணைந்த கருவிகளின் பட்டியல் காலியாகவே வந்துகொண்டிருந்தது. அரை நாள் டிரைவர், மென்பொருள் என்று தேடினேன், கடைசியில் மூன்றாவது கேபிளை மாட்டியதும் வந்துவிட்டது.

இணைத்ததும் டேப்லெட் திரையில் 'இந்தக் கணினியை அனுமதிக்கவா' என்று கேட்கும். அங்கே 'எப்போதும் அனுமதி' என்ற கட்டத்தை டிக் செய்வதுதான் இந்த வேலை முழுவதிலும் முக்கியமான ஒரு தட்டல் என்பேன். நாளைக்குத் திரை குளறுபடியாகி எந்தப் பொத்தானையும் தொட முடியாமல் போனால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் முடியாது. முன்பே அனுமதி இருந்தால் லேப்டாப்பிலிருந்து ஒரு வரி அடித்துத் திருப்பிவிடலாம். அசல் அளவுகளை நோட்டில் எழுதினேன்: திரை 1200க்கு 1920, டென்சிட்டி 240. உள்ளே இருக்கும் எல்லா ஆப்களின் பேக்கேஜ் பெயர்களையும் (சிஸ்டம் அவற்றை அழைக்கும் பெயர்) ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பார்த்து அதையும் தவிர்த்தேன், லேப்டாப் பேட்டரி பழசு.

இரண்டாம் வாரம், தேவையில்லாத ஆப்களை எடுத்தது. ரூட் இல்லாமலே ஏடிபி வழியாக, 'யூசர் ஜீரோ' என்ற முதல் பயனருக்கு மட்டும் ஓர் ஆப்பை நீக்கலாம். சிஸ்டம் பகுதியில் அது அப்படியே இருக்கும், 'இன்ஸ்டால் எக்ஸிஸ்டிங்' என்ற கட்டளை கொடுத்தால் திரும்பி வந்துவிடும். முதலில் ஒரு விளையாட்டு ஆப்பை நீக்கி, திரும்பக் கொண்டுவந்து பார்த்த பிறகுதான் மற்றதில் கை வைத்தேன். ஒரே நேரத்தில் பத்தை நீக்காமல் மூன்று மூன்றாக நீக்கி நடுவில் ரீஸ்டார்ட் செய்தேன், இல்லாவிட்டால் கோளாறு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மேல் பட்டை, பொத்தான்கள் எல்லாவற்றையும் திரையில் காட்டும் சிஸ்டம் யூஐ பக்கமே போகக் கூடாது. வெப்வியூ என்பது பெயரைப் பார்த்தால் வேண்டாத பிரவுசர் மாதிரி தெரியும், ஆனால் ஏராளமான ஆப்கள் தங்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்ட அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் வெப்வியூவின் ஒரு அப்டேட் கெட்டுப்போனதில் ஜிமெயில் உட்பட எத்தனையோ ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன, நினைவிருக்கும். மூன்றாவது கீபோர்டு. லாக் ஸ்கிரீனில் எழுத்துப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு, கம்பெனி கொடுத்த கீபோர்டை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால், பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கீபோர்டே வராமல் போகலாம். நான் முதலில் லாக்கை எழுத்து வேண்டாத நாலு எண் பின் நம்பராக (PIN) மாற்றிவிட்டேன், கீபோர்டையும் தொடவில்லை.

முகப்புத் திரையைக் காட்டும் ஆப்புக்கு லாஞ்சர் என்று பெயர், அதற்கு நோவா லாஞ்சர் போட்டேன். இரண்டு வரிசையில் ஆறே படங்கள், யாரும் இழுத்து நகர்த்தாதபடி டெஸ்க்டாப்பைப் பூட்டியாயிற்று. பழைய லாஞ்சரை முடக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன், நல்லவேளை அதற்கு முன் படித்துப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 9-க்குப் பிறகு, சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் திரை அசல் லாஞ்சருக்குள்ளேதான் இருக்கிறது. அதை முடக்கினால் அந்தப் பொத்தான் செத்துவிடும். அது அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் எழுத்து. இந்த டேப்லெட் ஆண்ட்ராய்டு 13-இல் நிற்கிறது. எழுத்தை மட்டும் ஏடிபி வழியாக ஒன்றரை மடங்கு ஆக்கிப் பார்த்தேன், சில ஆப்களில் 'கீ', 'டீ' போன்ற எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்பட்டது. 1.3-இல் நிறுத்திவிட்டு டென்சிட்டியை ஏற்றினேன். 240-இலிருந்து 280, 300, நன்றாகவே இருந்தது. 340 வைத்ததும் கீழே ஆப்களின் படங்கள் வரிசையாக இருந்த டாஸ்க்பார் காணாமல் போய், வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கமாகத் தெரிந்தது ஒரே பக்கமாகிவிட்டது. திரையே போன் மாதிரி ஆகிவிட்டது.

காரணம் ஒரு கணக்கு. திரையின் சிறிய பக்கத்தின் பிக்சலை 160-ஆல் பெருக்கி டென்சிட்டியால் வகுத்தால் வருவதுதான் டிபி என்ற அகலம். 240-இல் அது 800. 340-இல் 565. 600 டிபிக்குக் கீழே இறங்கினால் ஆண்ட்ராய்டு அதை டேப்லெட்டாக மதிக்காது. நம் திரைக்கு 320 வரைதான் எல்லை. உடனே 300-க்குத் திரும்பி, கணக்கு பிடிபட்ட சந்தோஷத்தில் மாமா பையனுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் இதே வேலையாகத் திரிபவன்.

"இத்தன கஷ்டம் எதுக்கு மாப்ளே? பூட்லோடரத் தெறந்து வேற ரோமே போட்டரலாம்ல?" என்றான்.

பூட்லோடர் என்பது கருவி எழும்போது எந்த சிஸ்டத்தை ஏற்றலாம் என்று காவல் காக்கும் பூட்டு, ரோம் என்பது வேறொருவர் செய்த ஆண்ட்ராய்டு. இரண்டு நாள் யோசித்தேன். பூட்லோடரைத் திறக்கும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும், அது பரவாயில்லை, நகல் இருக்கிறது. ஆனால் திறந்த பிறகு, படங்களைத் திருட்டிலிருந்து காக்கும் வைட்வைன் என்ற ஏற்பாட்டின் எல்1 என்ற உயர்ந்த நிலை பல கருவிகளில் எல்3 என்ற கீழ்நிலைக்கு இறங்கிவிடும், படம் பார்க்கும் ஆப்களில் தெளிவு குறையும். பேங்க் ஆப்கள் ஓட மறுக்கலாம். சில கம்பெனிக் கருவிகளில், சாம்சங்கின் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு மாதிரி, சிப்புக்குள் இருக்கும் ஒரு ஃப்யூஸ் நிரந்தரமாக எரிந்துவிடும், திரும்பப் பூட்டினாலும் பழையபடி ஆகாது. மாற்றிய சிஸ்டம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் டேப்லெட் எழுந்திருக்காமலே போகும். இதையெல்லாம் விட, என் டேப்லெட் மாடலின் அதே பதிப்பு எண்ணுக்கான முழு ஃபர்ம்வேர் (கம்பெனியின் அசல் சிஸ்டம் கோப்பு) கையில் கிடைக்கவில்லை. திரும்பும் வழி இல்லாத இடத்துக்குப் போக மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, காங்கேயம் பஸ் ஏறி, 300 வைத்த டேப்லெட்டோடு போனேன். அம்மிச்சி திண்ணையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். விரல் லேசாக நடுங்குவதால் டாஸ்க்பாரில் உள்ள படத்தைத் தொட்டால் நீண்ட நேரம் அழுத்தியதாக ஆகி, கொஞ்சம் நகர்ந்ததும் திரை இரண்டாகப் பிளந்துகொள்கிறது. வாட்ஸ்அப்பிலும், "இக்கட்டால ஒன்னு, அக்கட்டால ஒன்னு தெரியுது, எதைப் படிக்கறது?" என்றார்.

நான் தப்பு என்று திருப்பிய 340-தான் அவருக்கு வேண்டியது. லேப்டாப்பைத் திறந்து அங்கேயே மாற்றினேன். டாஸ்க்பார் போயிற்று, ஒரே பக்கம், பெரிய எழுத்து. பெட்டியில் வைத்த பொருளின் படத்தையும் கீழே இருந்த செய்தியையும் வாய்விட்டு முழுதாகப் படித்தார். மாமா தோட்டத்திலிருந்து வந்து, "இதையே முன்னாடி பண்ணிருக்கலாமே மாப்ளே" என்றார். செய்திருக்கலாம்தான், முதலிலேயே அம்மிச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்திருக்க வேண்டும்.

கிளம்பும்முன் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆஃப் செய்துவிட்டேன், கண்ட இடத்தில் சார்ஜ் போடும்போது அது திறந்திருப்பது நல்லதல்ல. அப்படியானால் நான் இல்லாதபோது திருப்புவது எப்படி? டெவலப்பர் ஆப்ஷனுக்குள் 'மிகச்சிறிய அகலம்' என்று ஓர் இடம் உண்டு, அதில் அந்த டிபி எண்ணை மாற்றினாலே டென்சிட்டி மாறிவிடும். மாமாவை விட்டே இரண்டு முறை மாற்ற வைத்துப் பார்த்தேன். உறையின் உள்பக்கம் ஒரு காகிதத்தில் '565 – அம்மிச்சிக்கு, 800 – பழைய அளவு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று ராத்திரி அம்மிச்சியே வீடியோ கால் போட்டார். கேமராவை நெற்றிக்குக் கொஞ்சம் மேலே பிடித்திருந்தார், அதற்கு ஒரு ஸ்டாண்டு வாங்க வேண்டும்.