கிணற்றடி மரங்கள்

குச்சவெளிப் பக்கம் ஒரு பப்பாசித் தோட்டம். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்கிற ஆடி மாதம். தோட்டத்து ஐயா என்னைக் கண்டதும் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டியது போல வெண்மூட்டுப்பூச்சி. விவசாயப் போதனாசிரியையாக எனக்கு அது இரண்டாவது வருடம். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

ஒரு கிழமையில் வெள்ளை குறைந்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். நாலாவது கிழமை போனால் குருத்து, காய், காம்பு எல்லாம் முன்னையை விட மோசம். பூச்சியின் இனிப்புக் கழிவு வடிந்து, அதில் கரும்பூஞ்சணம் பிடித்து இலைகள் கரி பூசினது போல இருந்தன.

“பிள்ளை, கடையில தந்தது மருந்தோ, வெறும் தண்ணியோ?”

கடையில் பிழை இல்லை. என் துண்டில்தான் பிழை.

அது பிடிபட்டது கிணற்றடியில். அங்கே நின்ற ஏழு மரங்களுக்கு மருந்து அடிக்கவில்லை. பக்கத்தில் கீரைப்பாத்தி. “கீரையில நஞ்சு பட்டா ஆர் தின்னுறது?” என்று தோட்டத்து அம்மா தடுத்திருக்கிறா. அந்த மரங்களிலும் வெள்ளை இருந்தது, ஆனால் திட்டுத்திட்டாக. கைவில்லையை வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்கு நடுவே மண்ணிறமாய், உப்பி, காய்ந்த சின்னச் சின்னக் கூடுகள். சிலவற்றில் ஊசி குத்தியது போல ஒரு வட்டத் துளை. ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து, பூச்சியைத் தின்று முடித்து, கூட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போன வழி அது.

இந்தக் குளவியின் கதையைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன். வெண்மூட்டுப்பூச்சி மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி. இலங்கையில் 2008இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியை வெளிநாட்டிலிருந்து எடுத்து வந்து தோட்டங்களில் விட்டார்கள். விடைத்தாளில் எழுதினேன், சரி. இலையில்தான் தேடிப் பார்க்கவில்லை.

மருந்து அடித்தால் பூச்சிக்கு மெழுகுப் போர்வை இருக்கிறது, முட்டைகளுக்குப் பஞ்சுப்பை இருக்கிறது, பாதி தப்பிவிடும். குளவிக்கு ஒரு போர்வையும் இல்லை. இலை முழுக்க நடந்து நடந்து இரை தேடுகிற சீவன், காய்ந்த நஞ்சையும் காலில் அள்ளிக்கொள்ளும். தப்பின பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை இடும். அதைத் தின்ன ஆள் இராது. கலிபோர்னியாவின் தோடந்தோட்டங்களிலும் இதே கூத்துத்தான். 1880களின் கடைசியில் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோன ஆமைவண்டு அங்கே செதிற்பூச்சியை அடக்கி வைத்திருந்தது. 1940களில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வந்தது, வண்டு செத்தது, செதிற்பூச்சி திரும்பி வந்தது.

சரி, தெரிந்த பிறகு என்ன செய்வது? மருந்தை நிறுத்தினோம். கிணற்றடியில் கூடு உள்ள இலைகளாகப் பறித்து மற்ற மரங்களில் கட்டினோம். எறும்பு ஏறாமல் அடிமரத்தைச் சுற்றிக் கிறீஸ் பூசினோம். இனிப்புக்காக எறும்பு இந்தப் பூச்சிக்குக் காவல் நிற்கும். ஆகப் பழுதான பதினொரு மரங்களை ஐயா வெட்டி எரித்தார். அந்தப் பதினொன்றையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும். மிச்ச மரங்கள் ஐப்பசிக்குள் தெளிந்தன. அதற்குள் மழையும் பிடித்துவிட்டதால் முழுப் பேரையும் குளவிக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

இந்த வேலையில் கஷ்டமானது, ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் திரும்புவதுதான். துண்டு கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை. “பத்து நாள் பொறுங்கோ, குளவி இருக்கு” என்றால், சும்மா வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிள்ளை. நிலாவெளியில் ஒரு மாந்தோட்டக்காரர் அதை முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டார். அவரைக் குச்சவெளிக்குக் கூட்டிப் போனேன். ஐயா என்னைப் பேசவே விடவில்லை. கைவில்லையை அவர் கையில் திணித்து, “ஓட்டை இருக்கிறதை எண்ணு, ஓட்டை இல்லாததை எண்ணு” என்று கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.