நோனோக்காரம்மா வராத நாட்கள்

ஊர்ச் சபைக்கு ஜெபமடல் எழுத உட்கார்ந்தாலே எனக்கும் இவருக்கும் தகராறுதான். நைஜீரியாவில் ஊழியம் என்றால் சபையார் எதிர்பார்ப்பது ஞானஸ்நானக் கணக்கு, அற்புத சுகம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சாட்சி. எனக்கு எழுத வருவதோ தண்ணீர், ஜெனரேட்டர், தயிர். “இதை எழுதினா யாரு காணிக்கை போடுவா?” என்பார். மடலில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

ஜோஸ், பிளேட்டோ மாநிலத் தலைநகர். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. ஹர்மட்டான் காற்று சகாராப் புழுதியைக் கொண்டுவந்து இட்லிப் பாத்திரத்துக்குள்கூடக் கொட்டும். வெள்ளீயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். தோண்டிப் போட்ட பள்ளங்கள் இன்று குளங்கள். 1893இல் லாகோஸில் வந்திறங்கிய மூன்று மிஷனரி இளைஞர்களில் இருவர் அடுத்த வருடமே இறந்துபோனார்கள். மிஞ்சிய ரோலண்ட் பிங்ஹாம் விடாமல் நடத்திய மிஷனிலிருந்து உருவானதுதான் எக்வா (ECWA) என்கிற நைஜீரிய சுவிசேஷ சபை. அதன் தலைமையகம் இந்த ஊரில்தான்.

இந்த ஊரில் திரும்பத் திரும்பக் கலவரம் வெடித்திருக்கிறது. சண்டை எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிறிஸ்தவர் முஸ்லிம் சண்டை என்று சொன்னால் பாதிதான் சரி. பெரோம், அஃபிஸெரே, அனகுட்டா மக்கள் தங்களை மண்ணின் மைந்தர்கள் என்கிறார்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். ஹவுசாக்காரர்களில் பலருடைய தாத்தாமார் சுரங்க வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள், முஸ்லிம்கள். பூர்வகுடிச் சான்றிதழ் யாருக்கு என்பதில் காலேஜ் சீட், அரசு வேலை, உள்ளாட்சிப் பதவி எல்லாம் அடங்கியிருக்கிறது. 2001 செப்டம்பரில் எரிந்தது. 2008 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி மறுபடி. 2010 ஜனவரி 17இல் தொடங்கியபோது நாங்கள் அங்கே இருந்தோம்.

இவர் மிஷன் ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரடங்கு போட்டால் வீட்டுக்கு வரமாட்டார். ரத்தம் பொருத்திப் பார்த்துக்கொண்டே அங்கேயே படுத்துவிடுவார். நான் இருட்டுக்குள் பிள்ளைகளோடு. கரண்டை அங்கே ‘நெப்பா’ என்பார்கள், வந்தால் தெருவே “அப் நெப்பா!” என்று கத்தும். எங்கள் சின்ன ஜெனரேட்டருக்கு ஊர் வைத்த பெயர் ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்’, பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல் என்று அர்த்தம். அந்த மாதங்களில் பெட்ரோல் கிடைக்காமல் நெய்பருக்கும் எங்களுக்கும் ஒரே இருட்டு.

சுட்ட சத்தமும் புகையும் நான்கைந்து நாளில் அடங்கின. அடங்காதது சந்தை. மாட்டிறைச்சி வெட்டுபவர்கள் ஹவுசா. அவர்கள் எங்கள் பக்கம் வரவில்லை. பெரோம் பெண்கள் விளைவித்த முட்டைக்கோஸைத் தெற்கே லாரியில் ஏற்றுபவர்களும் ஹவுசா. அதனால் கோஸ் குவிந்து அழுகியது. தினம் கோஸ் பொரியல், கோஸ் கூட்டு. பிள்ளைகள் தட்டைப் பார்த்ததும் எழுந்துவிடுவார்கள். ஜெர்ரிகேன் வண்டி தள்ளிவரும் தண்ணீர்ப் பையன்களைக் காணோம். பைக் டாக்ஸிக்காரன் முதலில் நம் முகத்தைப் பார்ப்பான், பிறகு போகிற தெருவைக் கேட்பான், பிறகு வரமாட்டேன் என்று தலையை ஆட்டுவான்.

எனக்குத் தனிப்பட்ட நஷ்டம் நோனோ. மாடு மேய்க்கும் முஸ்லிம் இனத்தாரான ஃபுலானிப் பெண்கள் பெரிய சுரைக்குடுக்கையில் தலைச்சுமையாகக் கொண்டுவரும் புளித்த பால். குடுக்கையின் மேல் ஓலைத் தட்டு, அதன்மேல் கம்பு மாவு உருண்டைகள். உருண்டையை நோனோவில் கரைத்துக் குடிப்பது அவர்கள் வழக்கம், நம் கம்பங்கூழ்தான். நான் உருண்டையை விட்டுவிட்டு நோனோ மட்டும் வாங்கி மோர்க்குழம்பு வைப்பேன். எங்கள் கேட்டுக்கு வருகிற அம்மா சுரைக்கரண்டியால் மூன்று கரண்டி அளந்து, நான்காவதைக் கொசுறாகப் பாதி ஊற்றுவார். அதற்கு முன்னால் வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, குளிர் எப்படி என்று இரண்டு பக்கமும் கேட்டு முடிக்க வேண்டும். நலம் விசாரிக்காமல் விலை கேட்பவளை ஹவுசா பேசுகிற எவரும் மதிக்கமாட்டார்.

கலவரத்துக்குப் பிறகு செல்போனுக்குச் செல்போன் மெசேஜ் பறந்தது: முஸ்லிம்களிடம் சாப்பாடு வாங்காதீர்கள், விஷம் வைக்கிறார்கள். சபை அக்கா ஒருவர் அதை எனக்கே வாசித்துக் காட்டினார். “மேடம், இனி அந்தப் பால் வேண்டாம்.” வாங்குவதா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டியே வரவில்லை. அந்த அம்மா வந்தால்தானே?

‘பீக்’ கம்பெனிப் பால்மாவில் உறை ஊற்றிப் பார்த்தேன். தயிர் மாதிரி ஒன்று வந்தது. ஊரிலிருந்து என் அம்மா போனில், “ஏட்டி, மோருக்கு வழியில்லாத ஊர்ல என்னத்த ஊழியம்? கிளம்பி வந்துரு” என்றாள். மார்ச்சில் ஜோஸுக்குப் பக்கத்து டோகோ நஹாவா கிராமத்தில் நடந்த படுகொலைச் செய்தி வந்தபோது அம்மா அதையும் சொல்லவில்லை, அழுதாள்.

அம்மாவிடம் சொல்ல என்னிடம் பெரிய பதில் இல்லை. ஆஸ்பத்திரி மட்டும் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பெஞ்சில் டோக்கனோடு உட்காரும் இடமாக இருந்தது. அன்பினால் என்று மடலில் எழுதலாம். பிள்ளைக்கு மலேரியா என்பதால் என்பதே நான் பார்த்தது.

நோனோ திரும்பி வந்ததும் அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான். மழைக்காலம் தொடங்கியபின், நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களிடம் விற்க வேறு இரண்டு ஃபுலானிப் பெண்கள் குடுக்கையோடு வந்து உட்கார்ந்தார்கள். வீடு, பிள்ளைகள், மழை எல்லாம் விசாரித்து முடித்தேன். பக்கத்தில் நின்ற சபை அக்கா ஒன்றும் பேசவில்லை, போகவும் இல்லை. விலை முன்பைவிட ஒன்றரை மடங்கு. “குறைச்சுக் கொடுங்க” என்றேன். “மாட்டுக்குப் புல் தேடி எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கு தெரியுமா?” என்று அளந்த மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். கொசுறு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.