கரண்ட் குடிக்கும் வீரா

செப்டம்பர் 20, சனி

கார் மறுபடியும் படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், ‘டிக்’ என்று ஒரே சத்தம். டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. அம்மா பாசார் (சந்தை) பையோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். “இதுக்கு நடந்தே போயிருக்கலாம்” என்றார். பினாங்கு ஆயர் ஈத்தாம் பாசார் எங்கள் பிளாட்டிலிருந்து பத்து நிமிட நடைதான், அதனால் பதில் பேச முடியவில்லை.

1997ஆம் வருட புரோட்டான் வீரா கார், ஒன்றரை லிட்டர் எஞ்சின். எனக்கு மூன்றாவது கையாக வந்தது. பயான் லெப்பாஸ் வேலைக்கு பேக்டரி பஸ்ஸில் போய்விடுவேன், வாரம் முழுக்க வண்டி கீழே நிற்கும். நாலு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆகாது. “ஓட்டாமப் போட்டா பேட்டரி அப்படித்தான்” என்று எல்லாரும் சொன்னார்கள். ஜூனில் புது பேட்டரி போட்டேன். இன்று அதைக் கடைக்குத் தூக்கிப் போனால், அடிமட்டம் வரை இறங்கி இறங்கிக் கெட்டுவிட்டது, வாரண்டியில் சேராது என்கிறார்கள். இன்னொன்று வாங்கினேன். இருநூற்று முப்பது வெள்ளி (ரிங்கிட்).

செப்டம்பர் 28, ஞாயிறு

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பேக்டரியில் மில்லி ஆம்பியர் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சொந்தக் காரில் மீட்டர் வைக்காமல் இரண்டு பேட்டரி வாங்கியிருக்கிறேன்.

வியாழன் ராத்திரி முழுதாக சார்ஜ் ஏற்றி நிறுத்தினேன். சற்று ஆறவிட்டுப் பார்த்தபோது 12.6 வோல்ட். இன்று ராத்திரி 12.2. எண்ணைப் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான், ஆனால் காரில் இருக்கிற ஈய-அமில பேட்டரியில் 12.2 என்றால் பாதி காலி. 12.0க்கு வந்தால் கால் பங்குதான் மிச்சம். சும்மா நிற்கிற புது பேட்டரி மூன்று நாளில் பாதி காலியாகாது. எதுவோ குடிக்கிறது.

அக்டோபர் 4, சனி

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். பத்து ஆம்பியர் ஓட்டையில்தான் சிவப்பு ஒயர். பழைய வண்டிக்கு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கடிகாரம், ரேடியோவின் ஞாபகம் இதற்கெல்லாம் கொஞ்சம் போகத்தான் செய்யும்.

0.02 காட்டியது. வெறும் 20 மில்லி ஆம்பியர். அரை மணி நேரம் காத்திருந்தும் அசையவில்லை. இந்தக் கணக்கில் வண்டி ஒரு மாதம் நின்றாலும் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மச்சான் உதவி செய்வதாக நினைத்து உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். மீட்டரின் பியூஸ் போய்விட்டது. ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியரை இத்தனூண்டு மீட்டர் தாங்குமா? அவரைத் திட்ட முடியாது, அக்கா வீட்டுக்காரர். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரில் டயோடு வழியாகக் கரண்ட் கசியுமோ என்று சந்தேகம். ராத்திரி அதன் தடித்த கேபிளைக் கழற்றி, டேப் சுற்றி, ஒதுக்கிக் கட்டி வைத்தேன். செவ்வாய் வரை அப்படியே கிடக்கட்டும். அதற்குள் வோல்ட் இறங்கினால் ஆல்டர்நேட்டர் நிரபராதி.

அக்டோபர் 9, வியாழன்

நிரபராதிதான். கேபிளைத் திரும்ப மாட்டி, ஜெலுத்தோங்கில் வயதான ஒயர்மேன் ஒருவரிடம் போனேன். வண்டியைத் தொடக்கூட இல்லை, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சிரித்தார்.

“மீட்டர் வைக்கிறதுக்கு பேட்டரியைக் கழட்டினியா தம்பி?”

“ஆமாண்ணே.”

“நீ கழட்டும்போதே திருடன் ஓடிட்டான். அப்புறம் வீடு பூரா தேடினா எங்க கிடைப்பான்?”

எனக்கு உறைத்தது. ஏதோ ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய நொடியில் அது விட்டுவிடுகிறது. நான் அளந்தது குற்றம் நடக்காத நேரத்தை. அதனால் எதையும் கழற்றக்கூடாது, பியூஸைக்கூடப் பிடுங்கக்கூடாது. ஒவ்வொரு பியூஸின் தலையிலும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை வைத்து மில்லி வோல்ட் பார்க்க வேண்டும். கரண்ட் ஓடாத பியூஸில் பூஜ்யம்தான் வரும், ஓடுகிற பியூஸ் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். காசு வாங்க மாட்டேன் என்றார்.

அக்டோபர் 11, சனி

சாயங்காலம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தினேன். டிரைவர் கதவைத் திறந்து வைத்து, அதன் பட்டனை டேப் போட்டு அமுக்கினேன். இல்லாவிட்டால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். பதினொன்றரை மணிக்கு, மழை விட்ட பிறகு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். உள்விளக்குக்கும் கடிகாரத்துக்கும் போகிற பியூஸில் 2.3 மில்லி வோல்ட்! பத்து ஆம்பியர் பியூஸில் இவ்வளவு விழுந்தால் சுமார் 0.3 ஆம்பியர் ஓடுகிறது. ரேடியோவின் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தேன், எண் மாறவில்லை.

பியூஸ் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். அந்த நேரத்தில் வண்டியில் எல்லாமே மழைக் குளிரில் சில்லென்று இருந்தது. விரலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தட்டுப்பட்டது. அது மட்டும் வெதுவெதுப்பாக, பால்புட்டி சூட்டில்.

பழைய அலாரம். முந்தைய சொந்தக்காரர்களில் யாரோ பொருத்தியது. ரிமோட் எனக்குக் கொடுக்கப்படவே இல்லை, இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெட்டி ஆறிவிடுகிறது. சாவியைப் போட்டு எடுத்தால் ‘டிக் டிக்’ என்று இரண்டு ரிலேயும் பிடித்துக்கொள்கின்றன. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே கதை. ரிலே பிடித்திருக்கும்போதே, மீட்டரை முதலில் மாட்டிவிட்டு அதன் பிறகு கேபிளை மெல்லத் தூக்கினேன். 0.31. ஒரு நாளைக்கு ஏழரை ஆம்பியர் மணி. என் பேட்டரியின் கொள்ளளவு 45. நாலு நாளில் முப்பது போய்விடும். மீதி இருப்பதை வைத்து ஸ்டார்ட்டர் என்ன செய்யும், பாவம்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெட்டியைக் கழற்ற மூன்று மணி நேரம். கறுப்பு டேப்பெல்லாம் வெயிலில் உருகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டியது. எட்டு ஒயர், அதில் இரண்டு எங்கேயும் போகவில்லை. பொனெட்டுக்குள் இருந்த சைரனின் வாயில் பல்லி முட்டை ஓடு.

எல்லாம் கழற்றிவிட்டு சாவியைத் திருப்பினால் வண்டியில் மூச்சே இல்லை. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. ஸ்டார்ட்டர் ஒயரை நடுவில் வெட்டி அலாரம் வழியாகச் சுற்றி விட்டிருக்கிறார்கள். வெட்டிய இரண்டு முனையையும் ஈயம் பற்றவைத்து இணைத்து, சூடாக்கினால் சுருங்குகிற பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. இப்போது கசிவு 0.02. முதல் நாள் நான் பார்த்த அதே எண்.

அக்டோபர் 18, சனி

ஆறு நாள் தொடவே இல்லை. காலையில் 12.5 வோல்ட். அரைத் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்தது. நாளை பாலம் தாண்டி சுங்கைப்பட்டாணிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறோம், திங்கள் தீபாவளி. ஜெலுத்தோங் அண்ணனுக்கு முறுக்கு டின் ஒன்றை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறார். கழற்றி மாட்டியதில் வண்டிக் கடிகாரம் ஏதோ ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சரிபண்ண எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மச்சானுக்குத் தெரியுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.