எனாமலுக்குப் பக்கத்தில் ஒரு வண்டு

லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில், பழம்பொருள்களைப் பழுதாகாமல் காக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தவை 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் செய்த தங்க மூக்குப்பொடி டப்பாக்கள். அதிலும் மூடியில் நிஜப் பூச்சிகளைப் பதித்தவை என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் காலத்து பிரெஞ்சு சீமான்களுக்கு மூக்குப்பொடி எவ்வளவு முக்கியமோ, அதைப் போட்டுவைக்கும் பெட்டியும் அவ்வளவு முக்கியம். பூச்சிகளின் மீதும் அப்போது பெரிய ஆர்வம் இருந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் ரேயோமூர் 1734 முதல் 1742 வரை பூச்சிகளைப் பற்றி மட்டுமே ஆறு தொகுதிகள் வெளியிட்டார். வசதியான வீடுகளில் கிளிஞ்சலும் வண்டும் பட்டாம்பூச்சியும் சேர்த்தார்கள்.

இந்தப் பெட்டிகளில் பூச்சிக்குப் பக்கத்திலேயே எனாமலும் இருக்கும்; கண்ணாடிப் பொடியை உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைக்கும் வண்ண வேலை அது. எனாமலைச் சுடச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதில் பூச்சி சாம்பலாகிவிடும். அதனால் தட்டான் (பொற்கொல்லர்) வேலை, எனாமல் வேலை, மெருகு எல்லாம் முடிந்த பிறகுதான் பூச்சியின் முறை வரும். காலை மடக்கி, இறக்கையை விரித்து, கண்ணாடிக்கு அடியில் வைத்து, தங்கச் சட்டத்தால் மூடுவார்கள். விரல் கொஞ்சம் அழுத்தினாலும் உணர்கொம்பு ஒடிந்துவிடும். இவ்வளவு பொறுமையான கை யாருடையது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

தங்கம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். எங்களுக்குக் கவலையெல்லாம் பூச்சிதான். உலர்ந்த பூச்சியைத் தின்றே வளரும் குட்டி வண்டுப் புழுக்கள் உண்டு. கண்ணாடிக்குள் மாவு போலத் தூள் தெரிந்தால் அவை வந்துவிட்டன என்று பொருள். சாதாரணப் பூச்சிப் பெட்டிகளை உறையவைத்து அவற்றைக் கொல்லலாம். இங்கே தங்கமும் கண்ணாடியும் எனாமலும் குளிரில் ஒரே அளவில் சுருங்காது, எனாமல் விரிசல் விடும். அதனால் பெட்டியைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, புழுக்கள் மூச்சுமுட்டிச் சாகும்படி நைட்ரஜன் நிரப்பி, சில வாரங்கள் வைப்போம்.

வெளிச்சமும் எதிரிதான், ஆனால் எல்லாப் பூச்சிக்கும் ஒரே மாதிரி அல்ல. பட்டாம்பூச்சியின் மஞ்சள் பெரும்பாலும் நிறமி, அது வெளுக்கும். வண்டின் பச்சை, நம் ஊர்ப் பொன்வண்டின் மினுமினுப்பைப் போல, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. இருநூறு ஆண்டு தாண்டியும் பக்கத்திலுள்ள எனாமலோடு போட்டி போடும்.

பாரிஸ் பெட்டிகளில் தட்டானின் முத்திரை, பொற்கொல்லர் சங்கம் ஆண்டைக் குறிக்கப் பதிக்கும் எழுத்து, வரி முத்திரைகள் எல்லாம் இருக்கும். எனாமல்காரர் சில சமயம் கையெழுத்தும் போடுவார். பூச்சியைப் பதப்படுத்தியவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. எங்கள் பட்டியலிலும் ‘பூச்சிகள்’ என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் இப்போது ஒரு பூச்சியியலாளரை அழைத்து, கண்ணாடிக்கு மேலிருந்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காணச் சொல்கிறேன். ஒரு மூடியில் இருந்த வண்டு பிரேசிலைச் சேர்ந்தது என்றார். கடல் தாண்டி வந்து பாரிஸ் பட்டறை ஏறிய அந்த வண்டின் பெயரையும் ஊரையும் தட்டானின் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதினேன்.