கேமராவுக்குப் பின்னால் டேப் சுற்றிக் கிடக்கும் கம்பிகள்

“தம்பி, ராத்திரி பூரா ஷட்டர் அரையடி தூக்கியே இருந்திருக்கு, ஒரு மெசேஜ்கூட வரலையே” என்று ஈரோட்டில் மஞ்சள் குடோன் வைத்திருக்கும் அண்ணன் காலை ஆறரைக்கே போன் பண்ணினார். நல்ல வேளை, எதுவும் களவு போகவில்லை. போய்ப் பார்த்தால் ஷட்டர் திறந்தால் சொல்லும் சென்சாரிலிருந்து கண்காணிப்புக் கேமராவுக்கு வரும் கம்பியை எலி கடித்து வைத்திருக்கிறது. அறுந்து எத்தனை நாள் ஆனதோ, கேமரா கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. தப்பு என்னுடையது, நான் போட்ட செட்டிங் அது.

கேமராவின் பின்னால் சென்சார் கம்பிகளை மாட்டும் இன்புட் பின்னும் கிரவுண்டும் சேர்ந்தால் ஒரு நிலை, பிரிந்தால் இன்னொரு நிலை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எது வழக்கமான நிலை என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஹிக்விஷன் கம்பெனி கேமராவில் என்ஓ (வழக்கமாகப் பிரிந்திருப்பது), என்சி (வழக்கமாகச் சேர்ந்திருப்பது) என்று இருக்கும், ஆக்சிஸ் கம்பெனியில் அதையே ஓப்பன் சர்க்யூட், கிரவுண்டட் சர்க்யூட் என்பார்கள். நான் என்ஓ-வில் விட்டிருந்தேன்: ஷட்டர் மூடியிருந்தால் பிரிந்திருக்கும், திறந்தால் சேரும். அறுந்த கம்பியும் பிரிந்த கம்பிதானே, அப்புறம் எங்கிருந்து அலாரம் வரும்? என்சி-யில் போட்டால் ஷட்டர் திறந்தாலும் எலி கடித்தாலும் யாராவது கட்டிங் பிளேயரால் வெட்டினாலும் உடனே தெரிந்துவிடும். இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி ஏமாற்றுகிற ஆள் வருவான் என்ற பயம் இருந்தால், கம்பி முனையில் ரெசிஸ்டர் போட்டுக் கண்காணிக்கும் சூப்பர்வைஸ்டு இன்புட் உள்ள மாடலாக வாங்குங்கள்.

சென்சார் அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். காந்தம் பக்கத்தில் வந்தால் மாறும் இந்த சென்சாரில், காந்தம் தள்ளி இருக்கும் நிலையை வைத்து ஒருவர் என்ஓ என்பார், கதவு மூடிய நிலையை வைத்து இன்னொருவர் அதையே என்சி என்பார். மல்டிமீட்டரை பஸ்ஸரில் (இரு முனையும் சேர்ந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து, சென்சாரின் இரண்டு கம்பியிலும் தொட்டுக்கொண்டு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள், ‘பீப்’ வர வேண்டும், விலக்கினால் நிற்க வேண்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

அலாரம் வந்தால் கேமரா சைரனை ஆன் பண்ணும் அவுட்புட்டில்தான் நிறைய கேமரா வீணாகிறது. பல மாடல்களில் அது உள்ளே ஒரு சின்ன டிரான்சிஸ்டர், 100 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். 12 வோல்ட் சைரன் அதைவிடப் பல மடங்கு இழுக்கும், நேராக மாட்டினால் போச்சு. நடுவில் ஒரு 12 வோல்ட் ரிலே போடுங்கள், சின்ன கரண்டில் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகிப் பெரிய கரண்டை ஆன் பண்ணும் சுவிட்ச் அது. 400 ஓம் காயில் என்றால் 30 மில்லி ஆம்பியர்தான், கேமரா தாராளமாகத் தாங்கும். சைரனுக்குத் தனி பவர் சப்ளை. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று, வெள்ளிக் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கட்டும். ரிலே அணையும்போது காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜிலிருந்து டிரான்சிஸ்டரைக் காப்பாற்றுவது அந்த ஒரு ரூபாய் சாமான்தான். செட்டிங்ஸில் பல்ஸ் (கொஞ்ச நேரம் மட்டும் ஆன் ஆகி நிற்பது) என்று வைத்து நேரமும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சைரன் விடிய விடிய கத்தும்.

கேமராவிலிருந்து வேறு கருவிக்குக் கட்டளை அனுப்பும் சீரியல் போர்ட் இப்போது எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. பக்கவாட்டிலும் மேலும் கீழும் திருப்பும் பழைய பான்-டில்ட் மோட்டார் ஹெட்டில் பாக்ஸ் கேமராவை ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு வேண்டும். ஆர்எஸ்-485 என்ற வகை இணைப்பு, ஏ, பி என்று இரண்டே கம்பி, 1200 மீட்டர் வரை போகும். மோட்டாருக்குப் புரியும் கட்டளை மொழி பெல்கோ-டி என்றால் நான் முதலில் 2400 பாட் வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்துப் பார்ப்பேன். மோட்டாரின் டிப் சுவிட்ச்சில் (குட்டி சுவிட்ச்சுகளின் வரிசை) வைத்துள்ள அட்ரஸ் எண்ணும் கேமராவில் கொடுத்த அட்ரஸும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லையா, ஏ-யையும் பி-யையும் மாற்றிப் போடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பெயர்கள் தலைகீழாக இருக்கும், மாற்றினால் எதுவும் கெட்டுப்போகாது.

குடோனில் கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டு, என்சி-க்கு மாற்றி, ஷட்டரை இறக்கி, அண்ணனைக் கூப்பிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்து டெர்மினலிலிருந்து ஒரு கம்பியை அவரையே கழற்றச் சொன்னேன். கம்பி வெளியே வந்ததும் சைரன் அடித்தது, அவர் சட்டைப் பையில் போனும் அதிர்ந்தது.