தமிழாசிரியருக்கும் சொல்லுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக, தொடக்கநிலை 4 (நான்காம் வகுப்பு) மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். "அப்பாவுடன் வெளியே சென்ற ஒரு நாளைப் பற்றிச் சொல்" என்று நான் கேட்டதும், ஒரு வாரம் வராமலிருந்து அன்றுதான் திரும்பியிருந்த சிறுமி, பயிற்சித்தாளின் ஓரத்தை மடித்து மடித்து நகத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்த பையன்தான், "டீச்சர், அவ அப்பா இறந்துட்டாரு" என்றான்.

வகுப்பு ஆசிரியருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் செய்தி தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. தாய்மொழிப் பாடவேளையில் பிள்ளைகள் பல வகுப்புகளிலிருந்து பிரிந்து வந்து எங்களிடம் சேர்வதால், இத்தகைய செய்தி எங்களை எட்டாமல் போவது எளிது. ஏன் வரவில்லை என்று நானும் விசாரித்திருக்க வேண்டும்.

சாவு நேர்ந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்ற துயர்கால ஏற்பாடுகளை எழுதும் குழுவில் அதன்பின் கேட்டுச் சேர்ந்தேன். 2015 ஜூன் 5 அன்று மலேசியாவின் கினபாலு மலை நிலநடுக்கத்தில், அங்கு சென்றிருந்த சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 7 பேர் இறந்தபோது, ஜூன் 8ஆம் தேதியை நாடே நினைவு நாளாக அனுசரித்துக் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. ஏற்பாடு என்றதும் நம் நினைவு அங்கேதான் செல்கிறது. ஆனால் நான் அடிக்கடி கண்டது, ஏதோ ஓர் அடுக்குமாடி புளோக்கில் ஒரே வீட்டில் நேர்ந்து, சத்தமில்லாமல் வகுப்பறைக்குள் நுழையும் சாவைத்தான்.

குழுவில் நான் அதிகம் வாதாடியது சொற்களுக்காக. மரியாதை கருதி "தவறிவிட்டார்" என்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை, அவர் என்ன தவறு செய்தார் என்று யோசிக்கும். "தூங்குகிறார்" என்றால் தூங்கவே பயப்படும். வீட்டில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டறிந்து, குடும்பத்தின் சமய நம்பிக்கையை மறுக்காமல், அந்தப் பையன் சொன்ன நேரான சொல்லையே சொல்ல வேண்டும்: இறந்துவிட்டார், அவருடைய உடல் இனி இயங்காது, அவர் திரும்பி வரமாட்டார். அதையும் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்காமல், பிள்ளைகள் நன்கறிந்த ஆசிரியர் வகுப்பறையில் சொல்ல வேண்டும். நண்பர்களுக்கு எவ்வளவு தெரியலாம் என்பதைத் துயரப்படும் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மீண்டும் விடுப்பு வரும் என்பதையும், தந்தையர் தின வாழ்த்து அட்டை செய்யும் பாடத்தையும் ஏற்பாட்டில் குறித்துவைத்தோம். செய்தி சேர வேண்டியவர்களின் பட்டியலில் தாய்மொழி ஆசிரியர், மாணவர் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஆகியோரையும் சேர்த்தோம். "இன்னைக்கு அப்பா வரலையா?" என்று பேருந்துப் படியில் யாரும் தெரியாமல் கேட்டுவிடக்கூடாது.