முகூர்த்தத்துக்கு முன்னாடியே நோட்டீஸ் கொடுத்துடுங்க

பையன் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, பொண்ணு பொள்ளாச்சி, மதம் வேற. இப்படி எல்லை தாண்டுற கல்யாணம் நம்ம பக்கம் நிறைய. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி மதம் மாறாமலே கட்டிக்க வழி செய்யற 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தோட நாள் கணக்கைப் பார்த்துடுங்க.

ரெண்டு பேர்ல ஒருத்தராவது நோட்டீஸ் கொடுக்கற மாவட்டத்துல தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்கணும். அதுக்கப்புறம்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நோட்டீஸ். அது பலகையில ஒட்டி 30 நாள் ஆகணும். இன்னொருத்தரோட நிரந்தர விலாசம் பொள்ளாச்சின்னா, நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். வீட்டுல சொல்லாம இருக்கறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்.

நோட்டீஸ் கொடுத்த நாள்லேர்ந்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடியலைன்னா அந்த நோட்டீஸ் செல்லாது, மறுபடி முதல்லேர்ந்து. அதனால முகூர்த்தத்துக்கு 60 நாள் முன்னாடி கொடுக்கறதுதான் நல்லது.

அதிகம் மாட்டறது பேருல. நம்மூர் மாற்றுச் சான்றிதழ்ல இனிஷியல் முன்னாடி, கேரள ஆதார்ல பின்னாடி, சிலருக்கு வீட்டுப்பேரும் சேர்ந்து நிக்கும். ஒரே மாதிரி திருத்திட்டுப் போங்க. விவாகரத்து ஆனவங்க கோர்ட் தீர்ப்பு நகலை மறக்காதீங்க. கல்யாணத்தன்னைக்கு சாட்சி மூணு பேர், ரெண்டு போதாது.

ரெண்டு பேரும் ஒரே மதமா இருந்து, கோயில்லயோ சர்ச்சுலயோ கேரளத்துல கட்டறவங்களுக்கு இந்த நோட்டீஸ் வேண்டாம். 45 நாளுக்குள்ள கல்யாணம் நடந்த ஊர்ப் பஞ்சாயத்துல பதிஞ்சா போதும்.